சகலை காரில் ஒரு சுவிட்ச் இருந்தது

பங்காளி பொறாமைப்பட்டால் ஊர் புரிந்துகொள்ளும். அடுத்த வீட்டுக்காரன் பொறாமைப்பட்டால் வாசலில் ஒரு பூசணிக்காயைக் கட்டிச் சமாளித்துவிடலாம். சகலைப் பொறாமைக்கு மட்டும் மருந்தே கிடையாது. அவனோடு நாம் பிறக்கவில்லை, அவனை நாம் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஆனாலும் ஆயுள் முழுக்க ஒரே மாமியார் வீட்டு சோபாவில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து எடை போட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் பல வருடமாக எடை குறைந்துகொண்டு வருகிறேன். (உடம்பில் அல்ல. அது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.)

என் சகலை பெயர் குணசீலன். என் மனைவி கலாவின் தங்கையைக் கட்டியவன். பாச்சாங்கில் வீடு, வங்கியில் உத்தியோகம். என்னைவிட வயதில் சின்னவன், வாய் நிறைய "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். எனக்கு எரிச்சலே அதில்தான். ஒருதரமாவது திமிராகப் பேசியிருந்தால், 'சரியான தலைக்கனம் பிடித்தவன்' என்று கலாவிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்த வாய்ப்பை அவன் எனக்குக் கொடுக்கவே இல்லை.

நான் ரெம்பியாவில் இருக்கிறேன். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அவன் மீன் தொட்டி வைத்தான், நானும் வைத்தேன். அவன் மீன் குட்டி போட்டது, என் மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது. அவன் சைக்கிள் ஓட்டி இளைத்தான். நானும் ஒரு சைக்கிள் வாங்கினேன், அதில் இப்போது கலா துணி காயப் போடுகிறாள். அப்புறம் அவன் ஒரு பழைய காலத்துக் கார் வாங்கினான். வான நீலம், குரோம் பம்பர், வட்டக் கண் விளக்கு. நியாலாஸில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு அதை ஓட்டிக்கொண்டு வந்த அன்று, பக்கத்து லைன் வீட்டு ஆட்கள் எல்லாம் வந்து கதவைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் தொடவில்லை. அடுத்த சில மாதத்திலேயே நானும் ஒரு பழைய கார் வாங்கிவிட்டேன். கிரீம் நிறம். கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன், நடந்த எதிலும் அந்தக் கம்பெனிக்குப் பங்கு இல்லை. முழுப் பங்கும் எனக்கே.

பழைய கார்களுக்கு நம் ஊர் வெயில் ஆகாது. ரேடியேட்டருக்குக் காற்றடிக்கும் விசிறியை இன்ஜினே பெல்ட்டால் சுற்றும். இன்ஜின் வேகமாக ஓடினால் விசிறியும் வேகமாகச் சுற்றும், சாலையில் நெரிசலில் ஊர்ந்தால் விசிறியும் சோம்பேறியாகச் சுற்றும். காற்று அதிகமாக வேண்டிய நேரத்தில்தான் அது குறையும். என் கார் எந்த டிராஃபிக் லைட்டில் நின்றாலும் சூடு காட்டும் முள் மேலே ஏற ஆரம்பித்துவிடும். நான் பச்சை விழ வேண்டி முருகனைக் கூப்பிடுவேன்.

குணசீலன் முருகனைத் தொந்தரவு செய்யவில்லை. மின்சார விசிறி ஒன்றைப் பொருத்தி, டேஷ்போர்டில் சின்னதாக ஒரு கறுப்பு சுவிட்ச் வைத்துவிட்டான். நெரிசல் வந்தால் 'டக்' என்று போடுவான். கார் நின்றாலும் விசிறி முழு வேகத்தில் சுற்றும். மாமியார் அந்தக் காரில் ஒருமுறை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சின்ன மாப்பிள ஒரு சுவிட்ச் வச்சிருக்காரு பாருங்க, தட்டுனா காடி ஐஸ் மாதிரி ஆயிடுது!"

என் காதுக்குள் அந்த 'டக்' பல நாள் கேட்டுக்கொண்டே இருந்தது.

இந்த நிலைமையில்தான் கலாவின் தம்பி தினேஷுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீடு பாச்சாங், அங்கே கோயில் மண்டபத்தில் தாலி கட்டு. எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளையை ஏற்றிப் போகும் காரை மூத்த மருமகன்தான் ஓட்ட வேண்டும். என் மாமனார் காலத்திலிருந்து இதுதான் முறை. மூத்த மருமகன் நான். அந்த வீட்டில் குணசீலனால் எட்ட முடியாத ஒரே உயரம் அதுதான், அவனால் எந்த ஜென்மத்திலும் என்னை முந்திக்கொண்டு கலாவைக் கட்ட முடியாது. அந்த இடத்தில் மட்டும் நான் நிம்மதியாக இருந்தேன்.

கல்யாணப் பேச்சு நடந்த அன்று மாமியார் மெல்ல இழுத்தார்.

"முறைன்னா பெரிய மாப்பிளதான். இல்லேங்கல. ஆனா அவரு காடி சூடாவுதே. நல்ல காரியம், நடு ரோட்டுல நின்னுட்டா? சின்ன மாப்பிள காடில போயிடலாமே."

நான் வாய் திறப்பதற்குள் குணசீலன் குறுக்கே பேசினான்.

"அது சரியா வராது அத்தே. முறை அண்ணனுக்குத்தான். அவரு காடிலயே போவட்டும். நா வந்து ஃபேன் மாட்டிக் குடுத்துடறேன். ஒரு சனிக்கிழம போதும் லா."

அறை முழுக்க அவனைப் பெருமையாகப் பார்த்தது. எனக்குச் சேர வேண்டிய மரியாதையைக்கூட அவன்தான் எடுத்து எனக்குக் கொடுக்க வேண்டுமாம்.

"தேவையில்ல. நானே மாட்டிக்குவேன்," என்றேன்.

"சரிண்ணே. ரிலே ஒன்னு வச்சிருங்க. இல்லாட்டி சுவிட்ச் சூடாயி உள்ளயே ஒட்டிக்கும்."

ரிலே என்பது, மின்சாரத்தின் சுமையைச் சுவிட்சுக்குப் பதிலாகத் தான் தாங்கிக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டி. நான் இணையத்தில் பார்த்த எல்லாக் காணொளிகளிலும் அதை வைக்கத்தான் சொன்னார்கள். நானும் வைப்பதாகத்தான் இருந்தேன். அவன் சொன்னதனால் வைக்கவில்லை.

கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். குணசீலன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவன் காரின் பானட்டைத் திறந்து அந்த விசிறியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். (கோழி திருடுகிறவன்கூட அவ்வளவு குனிந்திருக்க மாட்டான்.)

பழைய கார்களை அறுத்து உதிரிப் பாகங்களாக விற்கும் கடைக்குப் போனேன். இரும்புக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த சீனர் முதலாளி விஷயத்தைக் கேட்டுவிட்டு மலாயில் விசாரித்தார்.

"தொலாக் பூஞா கா, தாரிக் பூஞா?"

தள்ளுகிற விசிறி வேண்டுமா, இழுக்கிற விசிறி வேண்டுமா என்று கேட்கிறார். விஷயம் சுலபமானது. ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்துவதானால் காற்றைத் தள்ளுகிற விசிறி. பின்னால், இன்ஜின் பக்கம் பொருத்துவதானால் காற்றை இழுக்கிற விசிறி. எப்படியானாலும் காற்று வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். இதை இப்போது என்னால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல முடியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் குணசீலன் காரில் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான். கைப்பேசிப் படத்தைக் காட்டினேன்.

"இனி தொலாக் பூஞா," என்றார். இது தள்ளுகிற விசிறி என்று அர்த்தம்.

"அதேதான் வேணும்," என்றேன்.

அவர் விசிறியைத் துடைத்துக்கொண்டே, "மாவ் பாசாங் மானா?" என்று கேட்டார். எங்கே பொருத்தப் போகிறாய் என்ற கேள்வி. நான் தலையைச் சாய்த்து, "தாவு, தாவு" என்றேன். தெரியும், தெரியும் என்று அர்த்தம். எனக்கு என்ன தெரியும் என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் என் காரில் ரேடியேட்டருக்கு முன்னால் இடமே இல்லை. ஹாரனும் ஒரு தடித்த இரும்புப் பட்டையும் அங்கே குடியிருந்தன. பின்னால் மட்டும் இடம் இருந்தது. பழைய பெல்ட் விசிறியைக் கழற்றி எறிந்துவிட்டு, தள்ளுகிற விசிறியைப் பின்னால் வைத்து முடுக்கினேன். எங்கிருந்து தள்ளினால் என்ன, காற்று காற்றுதானே என்று நினைத்தேன். சுவிட்ச் விஷயத்தில்தான் என் கவனம் முழுவதும் இருந்தது. அவனுடையது சின்னக் கறுப்பு சுவிட்ச். நான் லோரிகளுக்கு வைக்கும் பெரிய சுவிட்சை வாங்கினேன். போட்டால் உள்ளே சிவப்பு விளக்கு எரியும். சாவி போடாமலே நாலு பேருக்குப் போட்டுக் காட்டலாம் என்பதற்காக, ஒயரை நேரே பேட்டரியில் கொடுத்தேன்.

கலாவைக் கூப்பிட்டு, காருக்கு முன்னால் நிற்கச் சொல்லி, சுவிட்சைப் போட்டேன். கிரில் வழியாகக் காற்று 'புஸ்' என்று வந்து அவள் தலைமுடியைப் பறக்கவிட்டது.

"எப்படி?" என்றேன்.

"நல்லாதான் அடிக்குது. ஏங்க, காத்து வெளிய வருதே. உள்ளதானே போவணும்?"

"உள்ள இருக்கற சூடு வெளிய வர வேணாமா? யோசிச்சுப் பேசு லா."

அவள் யோசித்தாள். பேசவில்லை. 'எக்கேடும் கெட்டுப் போ' என்று அதற்கு அர்த்தம் என்பதைப் பிற்பாடுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அலோர் காஜா வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது, வேகமாகப் போனேன், எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிட்டது. முள் அசையவில்லை. என் விசிறியின் திறமை என்று எண்ணிக்கொண்டு, மாமியாருக்கு ஃபோன் போட்டு, "நம்ம காடி ரெடி அத்தே" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அன்று அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

கல்யாணத்தன்று காலையில் என் காருக்குப் பூ அலங்காரம் செய்தார்கள். கிரில்லை மறைத்துப் பெரிய ரோஜா மாலை, பானட்டின் குறுக்கே பட்டு ரிப்பன். பட்டு வேட்டியில் தினேஷ் பின்னால் உட்கார்ந்தான். மாமியார் என் பக்கத்தில். குணசீலன் எங்களுக்குப் பின்னால் தன் காரில் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு வந்தான். கண்ணாடியில் அவன் காரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு லேசானது. வாழ்நாளில் முதன்முறையாக அவன் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

நியாலாஸிலிருந்து ஆயர் குரோ வரை எந்தக் குறையும் இல்லை. அங்கே விடுமுறைக்கு வந்த வெளியூர்க் கார்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. முள் ஏறத் தொடங்கியது. இதற்காகத்தானே காத்திருந்தேன். மாமியார் பார்க்கும்படி கையை நன்றாக நீட்டி சுவிட்சைத் தட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. விசிறி உறுமியது. கிரில்லின்மேல் இருந்த மாலையிலிருந்து ரோஜா இதழ்கள் கிளம்பி முன்னால் பறந்தன. எங்களுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் நின்ற ஒரு மலாய்ப் பையன் முதுகெல்லாம் பூவாகி, திரும்பிப் பார்த்துக் கும்பிடு போட்டான்.

"மாமா, பூ தானா பறக்குது! சூப்பர் லா!" என்று தினேஷ் கைப்பேசியில் படம் பிடித்தான்.

"எல்லாம் செட் பண்ணதுதான்," என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்ததோ.

முள் இன்னும் ஏறியது. விசிறி பின்னாலிருந்து முன்னால் தள்ள, வெளிக்காற்று உள்ளே வர முடியாமல், இன்ஜினின் வெக்கையே திரும்பத் திரும்ப ரேடியேட்டரில் மோதிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியாது. காற்று போதவில்லை என்று நினைத்து சுவிட்சை இன்னும் அழுத்தி அழுத்திப் பார்த்தேன்.

"மாப்பிள, என்னமோ கருகுற வாட வருதே," என்றார் மாமியார்.

"பக்கத்துக் கோயில்ல ஓமம் வளக்குறாங்க போல அத்தே."

அவர் அந்தத் திசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது சுவிட்ச் உருகிய வாடை.

எப்படியோ பாச்சாங் வந்து சேர்ந்தோம். கோயில் தெரிந்தது. தப்பித்தோம் என்று நினைத்தபோது உருமி மேளக் குழு காருக்கு முன்னால் வந்து நின்றது. மாப்பிள்ளைக் கார் இனி மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும், அதுதான் வழக்கம். இளவட்டங்கள் ஆட ஆரம்பித்தால் ஓரடி எடுத்து வைக்க ஒரு பாட்டு முடிய வேண்டும். மேளக்காரர்களுக்கு என் ரேடியேட்டரைப் பற்றி என்ன கவலை? முள் கடைசிக் கோட்டைத் தொட்டுவிட்டு, அதற்கு மேல் போக இடமில்லாமல் அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது. நானும்தான்.

கோயில் வெளிவாசலில் பெண்ணின் பெரியம்மா சந்தன நிறப் பட்டுச் சேலையில் ஆரத்தித் தட்டோடு நின்றார். தட்டில் குங்குமம், மஞ்சள் அரிசி, திருநீறு, நடுவில் எரியும் கற்பூரம். பெண் வீட்டு வழக்கப்படி முதலில் காருக்கு நேராகத் தட்டைச் சுற்றித் திருஷ்டி கழித்துவிட்டு, அப்புறம்தான் மாப்பிள்ளையை இறக்குவார்கள். அவர் கிரில்லுக்கு எதிரே வந்து நின்று தட்டைத் தூக்கினார்.

கற்பூரம் அணைந்தது.

கூட்டத்தில் 'உச்' என்று ஒரு சத்தம். யாரோ மறுபடி ஏற்றினார்கள். பெரியம்மா இன்னும் ஓரடி நெருங்கி வந்தார். மறுபடியும் அணைந்தது. இந்தமுறை திருநீறும் குங்குமமும் மஞ்சள் அரிசியும் தட்டைவிட்டுக் கிளம்பி, அந்த அம்மாவின் முகத்திலும் கழுத்திலும் சந்தன நிறச் சேலையிலும் போய் உட்கார்ந்தன. மேளம் நின்றுவிட்டது.

"ஐயோ, இந்தக் காடி எம்மேல ஊதுதே! யாருப்பா ஓட்டுறது? நல்ல காரியத்துல கற்பூரத்த ஊதி அணைச்சிட்டீங்களே!"

"கார நிப்பாட்டுங்க!" என்று யாரோ கத்தினார்கள். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றது. விசிறி நிற்கவில்லை. நேரே பேட்டரியில் கொடுத்திருந்தேன் அல்லவா? சுவிட்சை அமுக்கினேன். அது உள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டது, என் விரலும் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. சிவப்பு விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்தது. பெரியம்மா முகத்தைத் துடைக்கத் துடைக்க விசிறி அவர்மேல் மிச்ச ரோஜாவையும் தூவிக்கொண்டிருந்தது. பிறகு பானட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி சீறியது. இட்லிப் பானையைத் திறந்த மாதிரி மாப்பிள்ளையும் மாமியாரும் வெள்ளைப் புகைக்கு நடுவிலிருந்து இறங்கினார்கள்.

மாமியார் என்னைப் பார்க்கவே இல்லை. "சின்ன மாப்பிள காடிய முன்னால கொண்டாரச் சொல்லுங்க," என்றார்.

மண்டப வாசலுக்குக் கூப்பிடு தூரம். நடந்தே போயிருக்கலாம். ஆனாலும் மாப்பிள்ளை காரில்தான் வந்து இறங்க வேண்டும். அன்று தினேஷ் வான நீலக் காரில் வந்து இறங்கினான். எனக்கு அழுகை வந்தது. விரல் சுட்டதால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குமுன் இன்னொன்று நடந்தது. குணசீலன் ஓடி வந்து ரிப்பனை அறுத்து, பானட்டைத் திறந்து, பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். விசிறி நின்றது. அவன் குனிந்து பார்த்தான். விசிறியைப் பார்த்தான், அது இருந்த இடத்தைப் பார்த்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கே புரிந்தது. கூட்டம் முழுக்கக் காது கொடுத்து நின்றது. என் வாழ்க்கை அந்த வினாடி அவன் வாயில் இருந்தது.

"ரேடியேட்டர் பழசுங்க அத்தே, அடச்சிக்கிச்சு. வெக்கைக் காத்து முன்னால அடிச்சிருச்சு," என்றான் சத்தமாக. "அண்ணன் ஃபேன சரியாத்தான் மாட்டியிருக்காரு."

ஒரு மூச்சு நிம்மதி. அடுத்த மூச்சிலேயே வயிறு எரிந்தது. என் மானத்தையும் இவன்தான் காப்பாற்ற வேண்டுமா?

அதன் பிறகு அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜாடைகூடக் காட்டவில்லை. அவன் "அண்ணே" என்று வாயெடுத்தாலே, இதோ சொல்லப்போகிறான் என்று எனக்குத் திக்கென்றிருக்கும். ஆனால் அவன் சாம்பார் வாளியைத்தான் தள்ளச் சொல்வான். நல்லவனாக இருப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா? அவன் இவ்வளவு நல்லவன் என்பதை உலகத்தில் நான் ஒருவன் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு அவிந்துகொண்டிருந்தேன்.

அந்தத் தீபாவளிக்கு நியாலாஸில் எல்லோரும் கூடியிருந்தோம். பேச்சு கல்யாணத்துக்குத் திரும்பியது.

"என்னா இருந்தாலும் சின்ன மாப்பிளைக்கு மூள அதிகம்," என்றார் மாமியார். "பார்த்த ஒடனே ரேடியேட்டர் அடச்சிருக்குன்னு கண்டுபிடிச்சிட்டாரே!"

எனக்குள் ஏதோ அறுந்தது. செய்யாத கண்டுபிடிப்புக்குமா பாராட்டு?

"ரேடியேட்டர் அடைக்கவே இல்ல அத்தே!" என்று எழுந்து நின்றுவிட்டேன். "குணா பொய் சொன்னான்! நாந்தான் ஃபேன தப்பா மாட்டுனேன். காத்து உள்ள போறதுக்குப் பதிலா வெளிய வந்துச்சு. அவனுக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சிக்கிட்டே உங்க எல்லார் முன்னாலயும் பொய் சொன்னான்!"

குணசீலன் தலையைக் குனிந்துகொண்டான். மாட்டினான் பார் என்று நினைத்தேன். மாமியார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியது.

"தெரிஞ்சும் பெரிய மாப்பிளைய விட்டுக் குடுக்கலியே, ராசா," என்று சொல்லி, அவன் தட்டில் இன்னொரு வடை வைத்தார்.

பிறகுதான் சிரிப்பு கிளம்பியது. தினேஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நா அன்னிக்கே சொன்னேன், காத்து வெளிய வருதுன்னு!" என்று கலா வீடு வீடாகப் போய்ச் சொல்லும் குரலில் சொன்னாள். எனக்கு யாரும் வடை வைக்கவில்லை.

கார் இப்போது நன்றாக ஓடுகிறது. குணசீலன்தான் ஒரு சனிக்கிழமை வந்து விசிறியை மாற்றிப் பொருத்திக் கொடுத்தான், ரிலேயும் வைத்தான்.

அண்மையில் தினேஷின் மகளுக்குக் காது குத்து. அதே பெரியம்மா தட்டோடு வந்தார். தீப்பெட்டியை எடுத்தவர், அதை உரசாமல் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"பெரிய மாப்பிளைய கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி ஒக்காரச் சொல்லுங்க. கற்பூரம் ஏத்தணும்."

மண்டபமே சிரித்தது. மேளக்காரர்கள் சிரித்தார்கள், ஐயர் சிரித்தார், கலாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் எழுந்து ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தேன். குணசீலன் மட்டும் சிரிக்கவில்லை. தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "விடுங்கண்ணே" என்றான்.

பாவி, அவனும் சிரித்துத் தொலைத்திருக்கலாம்.